சின்னுசாமி அணைக்காத சூடம்

கருங்கல்மேட்டில் மீசை முளைத்த ஆண்பிள்ளை ஒருத்தர் பாக்கியில்லாமல் அன்றைக்கு மாரியம்மன் கோயில் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "பண்ணாடி குழந்தை விஷயத்துல எனக்கொண்ணும் தெரியாது தாயி" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணியவன் குடும்பத்தை அம்மன் சும்மா விடமாட்டாள். போலீஸ்காரர்களின் லத்தியைவிட இந்தத் துளி நெருப்பின் மேல்தான் அந்த ஊருக்கு நம்பிக்கை.

ஊரின் பெரிய நிலக்காரரான பண்ணாடி வெங்கடாசலத்தின் ஒரே மகள் வசந்தாமணி. நாலு வயசு. ஐப்பசி நோம்பித் திருவிழாவில் சாமி புறப்பட்ட கூட்டத்தில் தாயின் கையை விட்டவள்தான், திரும்பக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் காலில் கிடந்த தண்டை ஒன்றைக் கல்லோடு கட்டி யாரோ பண்ணாடியின் களத்தில் எறிந்திருந்தார்கள். கூடவே பணம் கேட்டு ஒரு சீட்டு. கேட்ட பணத்தைச் சொன்ன பாறைக்கடியில் பண்ணாடி வைத்தார். பணம் போயிற்று, குழந்தை வரவில்லை. மெட்ராஸ் பத்திரிகையில்கூடப் படம் போட்டார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆத்தூர் வரைக்கும் பெற்றவர்கள் பிள்ளைகளை வெளியே விடப் பயந்தார்கள்.

வேப்பமரத்தடியில் பெண்களோடு பெண்ணாக நின்றிருந்த பாவாயி வரிசை ஒவ்வொரு ஆளாக நகர்வதை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சின்னுசாமி வரிசையின் நடுவில் நின்றான். பண்ணாடிக்கும் அவனுக்கும் ஒரே பங்குக் கிணறு. யார் எந்த நாள் இறைப்பது என்று முறைத்தண்ணிக்காக இரண்டு வருஷமாகச் சண்டை. "உன்ற வம்சம் தண்ணியில்லாம நாசமாப் போவோணும்" என்று போன பங்குனியில் பண்ணாடியின் முகத்துக்கு நேராகக் கத்தியவன் அவன். ஊர் அதை மறக்கவில்லை. சூடத்தை அணைத்துவிட்டால் ஊர் வாய் அடைபடும் என்பது பாவாயிக்குத் தெரியும். ஆனால் அணைக்க வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான்.

காரணம் அவள் வயிற்றில் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மூன்று முறை தரித்து மூன்றும் கலைந்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் சந்தோஷம் தாங்காமல் ஊரெல்லாம் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் ஊரார் கண் பட்டே போயிற்று என்று அவள் நம்பினாள். இந்த முறை மூன்று மாதம் தாண்டியும் பெற்ற தாயிடம்கூட மூச்சு விடவில்லை. முழுகாமல் இருப்பவளின் புருஷன் தேங்காய் உடைக்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, முகம் சிரைக்கக் கூடாது, எரிகிற தீயை அடித்து அணைக்கக் கூடாது. இது அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

முந்தின நாள் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவனிடம் கிணற்று மேட்டுக்கே போய்ச் சொன்னாள்.

"ஏனுங்க, நாளைக்கு நீங்க சூடத்துல கை வெக்க வேண்டாமுங்க."

"அப்ப வவுத்துல இருக்கறதைச் சொல்லோணுமில்ல?"

"சொல்லவும் வேண்டாம். அஞ்சு மாசம் ஆவட்டும். உங்க கால்ல உழுவறனுங்க. இதுவும் போச்சுன்னா நான் இந்தக் கெணத்துலயே உழுந்துருவேன்."

அவன் மாடுகளை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "செரி, உடு" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவன் காளியப்பன். முறை வந்ததும் ஒதுங்கி நின்றுகொண்டு, "ஏனுங்க, ஊட்டுல முழுகாம இருக்கறாங்க" என்று தலையைச் சொறிந்தான். "அடடே, அப்படியா சங்கதி! போ சாமி, போயி நெழல்ல நில்லு" என்றார்கள் பெரியவர்கள். நாலு பேர் கேலிகூடப் பண்ணினார்கள். காளியப்பன் சிரித்துக்கொண்டே போனான். அந்த ஒரே ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

அடுத்தது சின்னுசாமி. பூசாரி புதுச் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். அவன் குனியவில்லை.

"என்னப்பா, வெச்சுப் போடு கையை."

"என்னால முடியாதுங்க."

"ஏன்?"

அவன் வேப்பமரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பாவாயி தலையை ஆட்டவில்லை, கண்ணால் ஜாடை காட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தரையையே அப்புறம் ஆயுசு முழுக்கப் பார்த்தாள்.

"காரணம் சொல்ல முடியாதுங்க" என்றான் சின்னுசாமி.

இரண்டு மாதமாக அவன் முகத்தைச் சிரைக்காமல் விட்டிருந்தான். யாராவது அந்தத் தாடியை உற்றுப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் மலடி என்று எப்போதோ பட்டம் கட்டிவிட்ட பெண்ணின் புருஷன் தாடிக்கு அப்படி ஒரு அர்த்தத்தை யார் தேடப் போகிறார்கள்? குற்றம் செய்தவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். பண்ணாடி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுததில் பொய்யில்லை, பாவம்.

மறுநாளே போலீஸ் சின்னுசாமியின் தோட்டங்காட்டில் இறங்கியது. மேற்கு மூலையில், தண்ணீர் வற்றி ஆவாரஞ்செடி மண்டிய பாழுங்கிணற்றில் சாக்குமூட்டை கிடந்தது. அதற்குள்தான் வசந்தாமணி இருந்தாள். மூட்டையைக் கட்டியிருந்தது கவலை இறைக்கிற பழைய வடக்கயிற்றின் துண்டு. அது சின்னுசாமியின் கயிறுதான், அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தப் பழங்கயிறு அவன் வேலியில் ஒரு வருஷமாகக் கிடந்தது. ஊரில் பாதிப்பேர் ஆடு கட்டவும் விறகு கட்டவும் அதில்தான் வெட்டிக்கொண்டு போனார்கள். அதை எந்தப் பயலும் போலீசிடம் சொல்லவில்லை.

ஆடு மேய்க்கும் முத்தாயம்மாள் நோம்பியன்று பொழுது சாயும் நேரத்தில் மூட்டையோடு ஒரு ஆள் போனதைப் பார்த்ததாக முதலிலிருந்தே சொல்லிவந்தாள். "முகம் தெரியலீங்க, மசமசன்னு இருந்துச்சு" என்றுதான் சொன்னாள். சூடத்துக்குப் பிறகு அவளுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது.

பாவாயி அவளிடம் ஓடிப்போய்க் கேட்டாள். "ஏனக்கா, அவருதான்னு எப்படிச் சொல்றே? முன்னால தெரியலைன்னு சொன்னியே?"

"அவன் இல்லீன்னா சூடத்தை அணைச்சிருப்பானல்லோ?" என்றாள் முத்தாயம்மாள். பொய் சொல்கிறவள் முகமாக அது இல்லை. அவள் மனசாரத்தான் நம்பினாள், அதுதான் கொடுமை.

அன்றைக்கே பாவாயி ஊர்ப் பெரியவர்களிடம் போய் வயிற்றிலிருப்பதைச் சொன்னாள். கும்பிட்டாள், அழுதாள், நிலத்தில் விழுந்தாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "காளியப்பன் சொன்னானே ஆத்தா, அப்பச் சொல்றதுக்கென்ன? கெணத்துல இருந்து எடுத்ததுக்கப்பறம் இதைச் சொன்னா ஆரு நம்புவா?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் பாவாயியின் நெஞ்சில் இன்னொரு முள்ளும் இருந்தது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை.

நோம்பியன்று மத்தியானம் செவலைக்காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சின்னுசாமி தேடிப் போனான். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்தான். வேட்டி தொடை வரைக்கும் நனைந்திருந்தது. திருமணிமுத்தாற்றைத் தாண்டிப் போய்த் தேடியதாகச் சொன்னான். செவலைக்காளையோ பொழுதிருக்கவே தானாக வந்து கட்டுத்தறியில் நின்றது. அதன் காலில் ஈரமே இல்லை. மாடு ஆற்றுப் பக்கம் போகாதபோது இவன் ஏன் ஆற்றைத் தாண்டினான்? தடம் தெரியாமல் போயிருக்கலாம். மனுஷன் மாட்டைத் தேடும்போது எங்கெல்லாமோ தேடுவான். அன்றைக்குக் கேட்டிருந்தால் சாதாரணமாக ஒரு பதில் சொல்லியிருப்பான். வயிற்றுப் பிள்ளை நினைப்பில் அவள் கேட்கவில்லை. அப்புறம் கேட்பதற்குப் பயமாகிவிட்டது.

சேலத்தில் கேஸ் நடந்தது. சர்க்கார் வைத்துக் கொடுத்த சின்ன வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றினார். அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. புருஷனும் மாடும் பொழுதிருக்க ஒன்றாகத்தான் வந்தார்கள் என்று சத்தியம் பண்ணிச் சொன்னாள். எதிரே நின்ற புருஷன் முகத்தை அப்போது அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சின்னுசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சீட்டு எழுதியது யார் என்று வக்கீல் கேட்டார். கூட்டாளி எழுதியிருப்பான் என்றார்கள் சர்க்கார் தரப்பில். அந்தக் கூட்டாளியை ஒருத்தரும் தேடவில்லை. பணம் என்ன ஆயிற்று என்று கேட்டார். எங்காவது புதைத்திருப்பான் என்றார்கள். கோயில் சத்தியத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அது மூடநம்பிக்கை, முத்தாயம்மாளின் சாட்சியத்தைத்தான் நம்புகிறேன் என்று சொல்லி வெள்ளைக்கார ஜட்ஜ் தூக்குத் தண்டனை கொடுத்தார். முத்தாயம்மாள் எதை நம்பினாள் என்பதை அந்தத் துரைக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அண்ணன் வந்து பாவாயியை ஆட்டையாம்பட்டிக்கு அழைத்துப் போனான். அங்கேயும் நிம்மதி இல்லை. சந்தையில் உடுக்கை அடித்துக் கொலைச்சிந்து பாடுகிறவன் வசந்தாமணியின் கதையைப் புத்தகம் போட்டுக் காலணாவுக்கு விற்றான். தண்டை அணிந்த பிஞ்சுக் கால், பாழுங்கிணறு, சூடத்துக்கு முன்னால் கை நடுங்கி நின்ற பாவி என்று ராகம் போட்டுப் பாடினான். உப்பு வாங்கப் போன பாவாயி கூட்டத்தின் ஓரத்தில் நின்று முழுப்பாட்டையும் கேட்டாள். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்கள். குழந்தைக்காக அவளுக்கும் அழுகை வந்தது. பாட்டில் வருகிற பாவி தன் புருஷன்தான் என்பது ஒரு கணம் மறந்தே போயிற்று. நினைவு வந்ததும் உப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. எந்தக் குறையுமில்லாமல் வீறிட்டு அழுதது. மெட்ராஸ் ஐகோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியான சேதியும், கருணை மனு நிராகரிக்கப்பட்ட சேதியும் அடுத்த ஆறு மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெயிலிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் சின்னுசாமி நின்றான். மொட்டை அடித்திருந்தார்கள், தாடி இல்லை. குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவன் கம்பிக்குள் விரலை விட்டு அதன் உள்ளங்காலைத் தொட்டான். குழந்தை காலை இழுத்துக்கொண்டது. அவன் சிரித்தான்.

"உன்னாட்டவே இருக்குது."

"மூக்கு உங்களுதுங்க."

கொஞ்ச நேரம் இப்படியே பேசினார்கள். மாடுகளை விற்றாயிற்றா என்று கேட்டான். ஆயிற்று என்றாள். செவலையைப் பற்றி இப்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தாள், வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சூடக்கட்டிகள் இருந்தன. வழியில் பஸ் நின்ற இடத்தில் அண்ணனுக்குத் தெரியாமல் வாங்கியது.

"இப்பத்தான் புள்ள பொறந்துருச்சே. இனி அணைச்சா ஒண்ணும் ஆவாதுங்க. வார்டரு ஐயாகிட்டக் கேட்டா ஒரு குச்சி கிழிச்சுக் குடுப்பாரு..."

சின்னுசாமி சூடத்தைப் பார்த்தான். பிறகு சுற்றிலும் பார்த்தான். சுவரும் வார்டரும் தவிர அங்கே யாரும் இல்லை.

"ஊரு இங்க இல்லியே பாவாயி. ஆரு பாக்கறதுக்கு?"

அவள் சூடத்தை நீட்டியபடியே நின்றாள்.

"உனக்கா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்து நின்றது, அவள் சொல்வதற்குள் போய்விட்டது. அவன் முகம் தூக்குத் தீர்ப்பு வாசித்தபோதுகூட அப்படி மாறவில்லை. அவளுக்கு எங்காவது முட்டிக்கொண்டு செத்துப்போக வேண்டும்போல் இருந்தது.

"புள்ளைக்கு நல்லாத் துணிய மூடு. காத்தடிக்குது" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி உள்ளே நடந்தான். வார்டர்கூட இன்னும் நேரம் இருக்கிறதே என்றான். அவன் நிற்கவில்லை.

தூக்குப் போடுகிற நாள் காலையில் பாவாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கருங்கல்மேட்டுக்கு நடந்தாள். ஊர் அதன்பாட்டுக்கு இருந்தது. கவலை இறைக்கிற சத்தம் கேட்டது. கோயில் வாசலில் அதே கல்லின் மேல் முடிச்சிலிருந்த சூடத்தை வைத்தாள். பாதி காற்றில் கரைந்து போயிருந்தது, மிச்சம் பற்றிக்கொண்டது. அவர் செய்யலை தாயி என்று சொல்லி அணைத்துவிடலாம் என்றுதான் வந்தாள். அவனுக்காக ஊரில் ஒரு கையாவது அந்த நெருப்பில் விழ வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தாள்.

கையைத் தூக்கினாள். ஈரமே இல்லாத காலோடு செவலைக்காளை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பொய்ச் சத்தியம் யார் தலையில் விடியும்? இடுப்பில் குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்து மென்றது. கை இறங்கவில்லை. "தாயி, தாயி" என்று மட்டும் சொன்னாள். சூடம் சுருங்கிச் சுருங்கி, தானாக எரிந்து தீர்ந்தது.

நிமிர்ந்தபோது ஆடுகளுக்கு நடுவில் முத்தாயம்மாள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் போனாள்.

அடுத்த சந்தைக்குள் பாட்டில் நாலு வரி கூடிவிட்டது. கட்டிய பெண்டாட்டியே அவனுக்காகச் சூடம் அணைக்கவில்லை என்று பாடினார்கள்.