வளம் போடாத சட்டி

1

இந்தக் கதை ஒரு சொல்லில் இருந்து கிளம்பியது. எங்கள் குலசேகரம் பக்கத்தில் உரத்துக்கு 'வளம்' என்று பெயர். ரப்பருக்கு வளம், வாழைக்கு வளம். கறிவேப்பிலை மூட்டில் ஊற்றும் மீன் அலசிய தண்ணீரும் வளம்தான். பள்ளிக்கூடத்தில் வளம் என்றால் செழிப்பு என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வளக்குழி நாறும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, "வளம் வேண்டாம்" என்று ஒருத்தி சொன்னாள். பக்கத்து வீட்டு ஷிபா. சொன்னது ஒரு செடியைப் பற்றி. கேட்ட எனக்குக் கை துறுதுறுத்தது.

எதையும் எண் போட்டு எழுதுவது என் பழக்கம். கடிதத்துக்குப் போடுவேன். கதைக்குப் போட்டால் என்ன?

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. ஷிபா தனிமையில்..."

(விட்டுவிட்டேன். குலசேகரத்தில் மழை ஒரு செய்தியே அல்ல. தனிமையும் பொய். அவள் அம்மா நேசபாய் பின்னாலேயே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.)

இரண்டாம் தொடக்கம்: "கணவன் வீட்டில் இருந்து திரும்பி வந்த ஒரு பெண், பூச்சி தின்னும் செடியை வளர்க்கிறாள் என்றால்..."

(என்றால் என்ன? மிச்சத்தை நீங்களே முடித்துவிடுவீர்கள். அதனால்தான் நிறுத்தினேன்.)

மூன்றாவதற்குத் தொடக்கம் கிடையாது. நடந்தது நடந்தபடி.

3

ஷிபா திருச்சூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் சொல்லிக் குடுவைச் செடி வரவழைத்தாள். இலையின் நுனி நூலாக நீண்டு, அதன் முனையில் மூடி போட்ட சின்னக் கூஜா தொங்கும். அதற்குள் வழுக்கி விழுகிற எறும்பும் ஈயும்தான் அதன் சாப்பாடு. சத்தில்லாத இடத்தில் வாழ்ந்து பழகிய வம்சம். வேரில் உரம் வைத்தால் வேர் கருகும். கருகாமல் தப்பினாலும் இலை மட்டும் தழைத்து, கூஜா போடுவதை நிறுத்திவிடும்.

ஆகவே செம்மண் கூடாது, சாணிப்பொடி கூடாது. தேங்காய் உரித்த மட்டையான தொண்டு, கரி, பாசி, வெள்ளைப் பொரி போன்ற பெர்லைட் இவை போதும். தொண்டுக்காக ஷிபா முதலில் கடற்கரைப் பக்கம் காயலில் ஊறப்போட்ட நாரை வாங்கி வந்தாள். மழைத்தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. அப்படியே குப்பையில் போட்டாள். பிறகு தங்கள் வீட்டுத் தேங்காயின் தொண்டையே வெட்டுக்கத்தியால் துண்டு போட்டு, சிவப்புச் சாயம் தெளிகிறவரை ஊறவைத்து ஊறவைத்துக் கொட்டினாள்.

நேசபாய்க்குத் தாங்கவில்லை.

"கதம்பலும்* கரியும் போட்டுக்கிட்டு இருக்க. செடி நடுதியா, அடுப்பு மூட்டுதியா?"

"இதுக்கு இதுதாம்மா."

"மேல ஒரு பிடி சாணிப்பொடி?"

"வேண்டாம்."

"பட்டினி போட்டா ஒரு உயிர வளக்கியது?"

"அதுக்க சாப்பாட்ட அது பிடிச்சுக்கிடும்."

"நல்ல செடி, கேட்டியா! வாங்குனவளுக்க கொணம் அப்பிடியே இருக்கு."

(*கதம்பல்: தேங்காய்த் தொண்டு. அகராதியில் தேடிச் சிரமப்பட வேண்டாம். எங்கள் புறவாசலில் கிடக்கிறது.)

4

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஷிபாவுக்கு வேலை. அவள் காலையில் பஸ் ஏறிவிட்டால் செடியும் நேசபாயும்தான் வீட்டில். சாளை மீன் வாங்கிய நாளெல்லாம் அலசிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை இந்தச் சட்டிக்கும் ஊற்றினார் நேசபாய். அவருக்கு இதில் வஞ்சகம் இல்லை. பசித்தவருக்குச் சோறு போடுகிற கை அது.

செடி தழைத்தது. இலை அகன்று, எண்ணெய் தேய்த்தாற்போல மின்னியது. ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய கூஜாக்கள் கறுத்து உதிர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. புதிய இலைகளின் நுனியில் வெறும் நூல்.

ஷிபா குனிந்து சட்டியை முகர்ந்தாள்.

"அம்மா, மீன் வெள்ளம் ஊத்துனியா?"

"ஊத்துனேன். என்ன கொறஞ்சு போச்சு? இலையப் பாரு, வாழ மாதிரி நிக்குது."

"கூஜா எங்க?"

"கூஜா எதுக்கு? வயிறு நெறஞ்சவ எதுக்கு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கணும்?"

(இது நேசபாய் சொன்னதேதான். இப்படி எழுத எனக்கு வராது.)

ஷிபா சட்டியைக் கவிழ்த்தாள்.

"நல்லா நிக்கிய செடியப் புடுங்காத, ஏட்டி!" என்றார் நேசபாய். "நல்லா இருந்த எடத்த விட்டு நீயும் இப்பிடித்தானே..."

5

கடைசியில் உள்ள அந்த அரை வாக்கியத்தில் ஷிபா விரலை வைத்தாள். அவளைப் பற்றி எழுதியதை அவளிடம் காட்டாமல் பத்திரிகைக்கு அனுப்புவது முறையல்ல என்று படிக்கக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, இத அம்மை சொல்லல்ல."

"மனசுல நெனச்சிருக்க மாட்டாங்களா?"

"நெனச்சிருப்பா. நெனச்சத வாயில எடுக்காம விட்டா பாத்தியளா, அது அவளுக்க மரியாத. அத நீங்க எழுதாண்டாம்."

"படிக்கிறவங்க கேப்பாங்களே ஷிபா, நீ ஏன் வந்தேன்னு."

"செடிக்கு மண்ணு மாத்துன கதைக்கு அது எதுக்கு?"

"கொஞ்சம் காரணம் தெரிஞ்சா கதைக்கு..."

"வளமா?" என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் அழிக்கவில்லை. நான் செய்யப் பார்த்தது என்னவென்று தெரியட்டும் என்றுதான் மேலே அப்படியே விட்டிருக்கிறேன். நேசபாய் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பத்திரிகை ஆசிரியரும் எழுதினார்: "அந்தப் பெண்ணின் பின்னணியைச் சேர்த்தால் கதை வளமாகும்." அவருக்குப் பதில் போட்டேன். ஒன்று: முடியாது. இரண்டு: மேற்படி.

காரணம் எனக்குத் தெரியுமா? தெரியும். சொல்ல மாட்டேன். அடித்தானா, குடித்தானா என்று நீங்கள் அடுக்குவது இங்கே கேட்கிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நிறைந்து வழிந்த வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம்.

6

வேரை மழைத்தண்ணீரில் அலசினாள் ஷிபா. கருகியதை வெட்டினாள். ஊர் மெச்சிய இலைகளில் பாதியைக் கத்தரித்தாள். புதிதாகத் தொண்டும் கரியும் பாசியும் நிரப்பி நட்டாள். இப்போது சட்டியில் இருப்பதைச் செடி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரே ஒரு இலையின் நூல் நுனி மட்டும் அரிசி மணி அளவுக்கு வீங்கியிருக்கிறது. அது கூஜாவாகலாம். காய்ந்தும் போகலாம்.

காய்ந்துபோவதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் நேசபாய், "நான் அப்பமே சொன்னேன்லா" என்கிறார். கூஜா திறப்பதாக இன்னொன்று எழுதினேன். அதில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (எனக்கே சகிக்கவில்லை.) ஒன்று அவளுக்குத் தண்டனை, மற்றது பரிசு. அவள் இரண்டையும் கேட்கவில்லை. தன் செடியைத் தன் கையால் நட்டாள். செத்தாலும் அவள் செடி. இரண்டு முடிவையும் கிழித்துவிட்டேன்.

7

ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.

இன்று காலை. நேசபாய் சாளை அலசிய சட்டியோடு புறவாசலில் நிற்கிறார். இடப்பக்கம் கறிவேப்பிலை, வலப்பக்கம் குடுவைச் செடி. ஷிபா வேலைக்குப் புறப்பட்டுப் படி இறங்குகிறாள். எல்லாவற்றையும் அவள் பார்த்துவிட்டாள். தடுக்கவில்லை.

"ஏட்டி, இதுக்கு ஒண்ணுமே வேண்டாமா?"

"மழை பெய்யும்மா."

பஸ் வந்துவிட்டது. ஷிபா திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள். நேசபாயின் கையில் சட்டி லேசாகச் சாய்ந்திருக்கிறது.

அவரை எந்தப் பக்கமும் நான் திருப்பப்போவதில்லை. அது உங்கள் பாடு. ஷிபா ஏன் வந்தாள் என்பதை நான் சொல்லவில்லையே என்று இன்னும் உங்களுக்குக் குறை இருந்தால், உங்கள் கையிலும் அப்படி ஒரு சட்டி இருக்கிறது. சாய்ப்பதற்கு முன்னால் அதை ஒருதரம் முகர்ந்து பாருங்கள்.