கால்வாய்க்கு எந்தப் பக்கம்

நகரத் திட்டக் குழு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கூடும். ஏழு உறுப்பினர்கள். தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். யாராவது நீட்டி முழக்கினால் "வாயை மூடுங்க" என்று சொல்லமாட்டார். நாற்பது வருஷம் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். பேனாவை மேஜையில் இரண்டு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். எங்கே கடை வரலாம், எங்கே வீடு வரலாம், எத்தனை மாடி கட்டலாம், வேலி எவ்வளவு உயரம் போகலாம் என்பதெல்லாம் அந்த ஏழு பேர் கையில் இருந்தது. அவர்களுக்கு முன்னால் வைக்கிற அறிக்கையும் வரைபடமும் மட்டும் ஒரே ஒருத்தி கையில்.

அவள் அந்த அலுவலகத்தின் திட்ட அலுவலர். ஊரில் யாருக்கும் அந்தப் பதவிப் பெயர் வாயில் நுழையவில்லை. மேப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். எந்த மனையின் எண்ணைச் சொன்னாலும் அது எந்தத் தெருவில், எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த மாதம் வந்த புகார் மனுவைப் பிரித்ததுமே அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, பக்கத்திலிருக்கும் லேத் பட்டறையின் சத்தம் தாங்கவில்லை, குடியிருப்புப் பகுதியில் பட்டறை நடத்த அனுமதி கிடையாது, மூட உத்தரவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான்கு கையெழுத்தில் மூன்றாவது அவளுடைய நாத்தனாருடையது. கணவனின் ஒரே தங்கை.

உடனே தலைவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அறிக்கை எழுத ஆபீஸில் வேறு ஆள் ஏது, ஓட்டுப் போடப்போவது நாங்கள்தானே, நீங்கள் உள்ளதை எழுதுங்கள், உறவு என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள் என்றார். அவளும் அப்படியே முதல் வரியை எழுதி வைத்தாள். மிச்சம் எழுதுவது சுலபம் என்று நினைத்தாள். வரைபடத்தில் அந்த இடம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. வீட்டுக்காரர்கள் பக்கம் நியாயம் இருந்தது, பட்டறைக்காரர் கிளம்ப வேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்காரரே வந்தார். அறுபது வயதிருக்கும். கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் போகாத எண்ணெய்க் கறை நகக்கண்ணில் நின்றிருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். முப்பது வருஷத்துக்கு முன் அதே அலுவலகம் கொடுத்த லைசென்ஸ். அதில் 'தொழில் பகுதி' என்று டைப் அடித்திருந்தது.

"நான் சண்டைக்கு வரலம்மா" என்றார். "இது உங்க ஆபீஸ் குடுத்த பேப்பர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் கையில இருக்கட்டுமேன்னு கொண்டு வந்தேன்."

இப்படிப் பழைய காகிதத்தோடு மாதத்துக்கு நாலு பேர் வருவது வழக்கம். நகல் எடுத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டில் மனம் ஒட்டவில்லை. தொழில் பகுதி எப்போது குடியிருப்பானது? மாற்றியிருந்தால் ஒரு தீர்மானம் இருக்கவேண்டும். கோப்புகளைப் புரட்டினாள். எந்தத் தீர்மானமும் இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டு கீழே சாமான் அறைக்குப் போனாள். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் பழைய காகித வரைபடங்கள் சுருள் சுருளாக நின்றன. தேவையான சுருளை உருவித் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு தடிமனான கோப்புகளை வைத்தாள். மண்டியிட்டுப் பார்த்தாள்.

பழைய கோடு கால்வாயின் கரையோடு போயிற்று. கால்வாய்க்கு மேற்கே வீடுகள், கிழக்கே பட்டறைகள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் காகிதத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை நடந்தது. அதற்குள் கால்வாயை மூடி மேலே தார் போட்டுவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் தண்ணீர் தெரிந்தது ஒரே இடத்தில்தான். நாற்பது தப்படி கிழக்கே, புதிதாக வெட்டிய மழைநீர் வடிகால். கோடு போட்டவர் அந்த வடிகாலைக் கால்வாய் என்று நினைத்துவிட்டார். நாற்பது தப்படி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம், யாரும் கேட்காமல், யாரும் தீர்மானிக்காமல், நிறம் மாறிவிட்டது.

கோடு போட்டவர் யார் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். கோடும் அவள் போட்டது, அந்தத் தாளைச் சரிபார்த்து ஓரத்தில் போட்ட சுருக்கொப்பமும் அவளுடையது.

அதைவிட மோசமான ஒன்று எழுந்திருக்கும்போதுதான் உறைத்தது. அந்தத் துண்டில் பட்டறை மட்டுமா இருந்தது? பக்கத்துக் காலி நிலத்தில் எட்டு வருஷத்துக்கு முன் எழுந்தவைதான் மனுப் போட்ட அந்த நான்கு வீடுகளும். நான்குக்கும் அனுமதி கொடுத்தது இதே அலுவலகம், இதே தப்பான கோட்டைப் பார்த்து. கோடு சரியாக இருந்திருந்தால் அங்கே வீடே வந்திருக்காது.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். உரிப்பதை நிறுத்தவில்லை. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டான். இல்லை என்றாள். பன்னிரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லையே என்றான். அதற்கும் இல்லை என்றாள். அவனுக்குத் தங்கை என்றால் உயிர். வீடு கட்டும்போது வாரா வாரம் போய்ச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவன் அவன்.

கிண்ணம் நிறைந்ததும் சொன்னான்: "உன் வேலையில நான் தலையிடல. ஆனா கூட்டத்துல எல்லார் முன்னாடியும் அவ முதல் தடவையா இதைக் கேக்கக் கூடாது. நீயே போய்ச் சொல்லிடு."

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனாள். நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அந்த வருஷம் முழுக்க இரவுப் பணி. வாசலைத் திறந்தபோது கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தது. அடுக்களையில் உட்கார்ந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு அறுபடத் தொடங்கியது. சத்தம் காதால் கேட்கிற மாதிரி இல்லை, பல்லில் வந்து உட்கார்ந்தது. அலமாரியில் இருந்த பாத்திர மூடி ஒன்று தானாக நகர்ந்தது. இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வந்துபோன மேப்பம்மாவுக்கு அந்தச் சத்தம் புதிது. பட்டறைக்காரரைப் பார்த்து இரக்கப்பட்டவள், இப்போது இவளைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் ஓய்ந்தபோது, பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கேட்டு முடித்துவிட்டு மூடியை எடுத்துச் சரியாக வைத்தாள்.

"அப்ப தப்பு சத்தம் இல்ல, என் வீடுதான் தப்பா, அண்ணி?"

"வீடு தப்பில்ல. கோடு தப்பு. நான் போட்டது."

"நீங்க போட்ட கோட்டுலதான நாங்க கடன் வாங்கிக் கட்டினோம். மனை வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான கேட்டேன், நல்ல இடமான்னு. நீங்கதான நல்ல இடம்னு சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். மேப்பம்மாவுக்கு அதை மறந்தே போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள், கர்வத்தோடு. மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் இவள் தூக்கத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னாள். நாத்தனார் தலையசைத்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் படுக்கணும் அண்ணி என்று எழுந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாடி ஹாலில் வழக்கத்தைவிடக் கூட்டம். நான்கு வீட்டுக்காரர்களும் ஒரு வரிசை, பட்டறைக்காரரும் அவர் மனைவியும் பின்னால். மேப்பம்மா பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். முதல் வரியில் உறவைச் சொன்னாள். இரண்டாவது வரியில், கோட்டைத் தப்பாகப் போட்டது நான் என்றாள். உறுப்பினர்களில் ஒருவரான ஹார்டுவேர் கடைக்காரர் கூட்டத்தில் கண்ணயர்வதற்குப் பேர் போனவர். அன்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு வந்த ஒரு மணி நேரத்தை அவள் தலை குனிந்தபடியே கேட்டாள். ஓர் உறுப்பினர், தப்பு என்று தெரிந்த பிறகு என்ன பேச்சு, பழைய கோட்டையே போடுங்கள் என்றார். வக்கீலாக இருந்த உறுப்பினர், போட்டால் நான்கு வீடும் ஒரே நாளில் விதிக்கு மாறான கட்டடமாகிவிடும், நாளைக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டக்கூட அனுமதி கிடைக்காது, விற்கவும் முடியாது என்றார். அப்படியானால் இப்போதைய கோடே இருக்கட்டும் என்றார் இன்னொருவர். அப்போது முப்பது வருஷமாகச் சட்டப்படி நடந்த பட்டறையை நம்முடைய கைப்பிழைக்காக மூடச் சொல்வதா என்று தலைவர் கேட்டார். பேனாவைத் தட்டவும் மறந்து மேப்பம்மாவைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பார்வையில் களைப்புதான் இருந்தது.

உறுப்பினர்களில் ஒருவர் பழைய தலைமையாசிரியை. அதுவரை வாயே திறக்காதவர், பட்டறைக்காரரைப் பார்த்து, சத்தம் போடுவது எந்த மெஷின் என்று கேட்டார். ஹாலில் இருந்த யாருக்கும் அதுவரை இந்தக் கேள்வி தோன்றவில்லை.

பட்டறைக்காரர் எழுந்தார். "லேத்து சத்தம் போடாதுங்க டீச்சர். அது பூனை மாதிரி. இரும்பு அறுக்கிற மெஷின்தான் கத்தும். அதை அந்தம்மா வீட்டுச் சுவரோரம் வச்சிருக்கேன். அங்க காலி மனையா இருந்தப்ப வச்சது. அப்புறம் வீடு வந்துச்சு, நகர்த்தணும்னு எனக்குத் தோணல. அவங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "கேக்கலாம்னு ரெண்டு தடவை வந்தேன். அந்தச் சத்தத்துல நான் கூப்பிட்டது உங்களுக்குக் காதுல விழல."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். பட்டறைக்காரரும் சிரித்துவிட்டார். நாத்தனார் சிரிக்கவில்லை.

முடிவை ஒத்திவைத்தார்கள். சனிக்கிழமை ஏழு உறுப்பினர்களும் நேரில் போனார்கள். நர்ஸின் படுக்கையறையில், கட்டிலைச் சுற்றி ஏழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் இரும்பு அறுபட்டது. ஹார்டுவேர் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லாரும் பட்டறைக்குள் போய், மெஷினை வடிகால் பக்கக் கொட்டகைக்குக் கொண்டுபோக இடமிருக்கிறதா என்று அடி வைத்து அளந்தார்கள். நர்ஸ் தூங்குகிற காலை நேரத்தில் மெஷினை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டபோது பட்டறைக்காரர் முகம் சுருங்கியது. காலையில் வருகிற அவசர வேலைகள்தான் அவருக்குச் சோறு போடுபவை.

அடுத்த மாதம் தீர்மானம் வந்தது. கோடு பட்டறையைச் சுற்றி வளைந்து போகும். பட்டறை தொழில் பகுதிக்குத் திரும்பும், வீடுகள் குடியிருப்பாகவே இருக்கும். அறுக்கும் மெஷின் கொட்டகைக்குப் போகவேண்டும், மதியம் இரண்டு மணிக்கு முன் ஓடக்கூடாது. நடுவில் உயரமான சுவர். அந்த உயரம் விதியில் அனுமதித்ததைவிட அதிகம் என்பதால் சுவருக்குத் தனியாக மனுப் போட்டு, அதற்கு இன்னொரு கூட்டம் நடந்தது தனிக் கதை. தீர்மானம் ஐந்துக்கு இரண்டு ஓட்டில் நிறைவேறியது. அழகான கோடு இல்லை அது. வரைபடத்தில் அந்த இடம் யாரோ கடித்து வைத்த ரொட்டி மாதிரி இருந்தது. மேப்பம்மா அதைத் தன் கையாலேயே வரைந்து, பக்கத்திலிருந்த டைப்பிஸ்டிடமும் இன்ஸ்பெக்டரிடமும் தனித்தனியாகச் சரிபார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள்.

அவளுடைய பணிக் கோப்பில் கண்டிப்புக் கடிதம் ஒன்று சேர்ந்தது. தலைவர் அதை நீட்டும்போது, ஒரு பல் தப்பாகப் பிடுங்கியிருக்கிறேன், அந்த ஆளைச் சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் வேறு வழியாகப் போவேன் என்று மட்டும் சொன்னார். அவள் ஒரு வேண்டுகோள் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் கையால் கம்ப்யூட்டருக்கு மாற்றிய மற்றத் தாள்களையும் தெருவில் இறங்கி நடந்தே சரிபார்க்கவேண்டும். மூன்று மாதம் ஆனது. இன்னும் இரண்டு இடத்தில் பிழை கிடைத்தது, இரண்டும் சின்னவை. ஒவ்வொன்றையும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி அவளே போய்ச் சொன்னாள். ஒருவர் உட்காரச் சொன்னார். இன்னொருவர் கதவைச் சாத்திவிட்டார்.

நாத்தனார் ஏழெட்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அண்ணனிடம் போனில் பேசுவாள், அண்ணி எங்கே என்று கேட்கமாட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மேப்பம்மா தயங்கித் தயங்கி, தூக்கம் வருகிறதா என்று கேட்டாள்.

"ரெண்டு மணி வரைக்கும் தூங்கறேன்" என்றாள் நாத்தனார். "அதுக்கு மேல பட்டறைக்காரர் அறுக்க ஆரம்பிப்பார். நான் முழிச்சுக்கிட்டுத் திட்டுவேன்."

"யாரை?"

"முறை வச்சுத்தான். ஒரு நாள் அவரை. ஒரு நாள் உங்களை."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய், அண்ணன் நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தைப் பார்த்து, இதுவா நறுக்குகிற லட்சணம் என்று அவனைத் திட்ட ஆரம்பித்தாள். மேப்பம்மா இன்னொரு பலகையையும் கத்தியையும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள். இருவரும் நறுக்கினார்கள். அன்று நாத்தனார் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.