குவாண்டத்துக்குக் கற்பூரம்

பொகவந்தலாவைக் கடைவீதியில் ராமநாதன் முதலாளிக்கு நான் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால், ஈடாக வைத்த என் மனைவி அழகம்மாவின் தோடு மூழ்கிவிடும்.

அந்த 2003ஆம் ஆண்டில்தான் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையில் ஓர் ஆராய்ச்சி நடத்தின. குவாண்டம் என்றார்கள். எதிர்மலையில் இந்தியாவின் விளக்கிலிருந்து ஒளியைத் துளித்துளியாக அனுப்புவார்கள். இந்த மலையில் இலங்கையின் பெட்டி அதைப் பிடிக்கும். நடுவில் யாராவது திருடினால் உடனே தெரிந்துவிடுமாம். பெட்டிக்குக் காவல் நான்.

மூன்று வாரமாகச் சம்பளம் இல்லை. சென்னை விஞ்ஞானி ஜனார்த்தனன், "காவலுக்கு இலங்கைதானே குடுக்கணும்?" என்பார். யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் றமணன், "அது இந்தியாவின்ர கணக்கெல்லோ!" என்பார். ஒளி மலை தாண்டியது. என் சம்பளம் மேசை தாண்டவில்லை.

இதில் ஆராய்ச்சியும் கெட்டது. மாலையில் பெட்டியை முடுக்கியதும், கீழே கூடாரத்துக் கணினியில் எண்கள் தாறுமாறாக ஏறின.

"உங்க பெட்டிதான் சரியில்ல."

"உங்கட விளக்கில பிழை."

பெட்டிக் குடிசையில் 'வெளிச்சம் கூடாது' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. நாற்பது வயதில் எழுத்துப் படித்தவனல்லவா, அதைச் சத்தமாக வாசித்துக் காட்டாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டேன். பீடி பற்றவைத்த என் கூட்டாளி கந்தப்பனையே விரட்டியிருக்கிறேன்.

வியாழன் மாலை இருவரும் சண்டை போட்டபடியே மேலே வந்தார்கள். சோறு கொண்டுவந்திருந்த அழகம்மா வாசலில் நின்றாள்.

"சத்தம் போடாதீங்க சார். அவரு உள்ள மிசினுக்குக் கற்பூரம் காட்டுறாரு."

உள்ளே பெட்டியின் கண்ணாடிக்கு நேராக நான் தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் எந்த மெசினையும் சாமி கும்பிடாமல் ஓட்டமாட்டோம். இதுவும் மெசின்தானே?

"தினமும் காட்டுறீங்களா?" என்று கேட்டார் ஜனார்த்தனன்.

"ஒருநாளும் தவறலைங்க சார்."

"வெளிச்சம் கூடாதெண்டு எழுதியிருக்கெல்லோ! வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சேங்க சார். இது வெளிச்சமில்லீங்களே, சாமிக்குங்க."

மூன்று வாரத்தில் முதல் முறையாக இரண்டு நாடுகளும் ஒரே முடிவுக்கு வந்தன: இந்த ஆள் உடனே மலையைவிட்டு இறங்க வேண்டும். அந்த அவசரத்தில் கணக்கு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. இவரும் சட்டைப்பையில் கை விட்டார், அவரும் விட்டார். வேலை பார்த்தபோது ஒரு சம்பளமும் கிடைக்காதவனுக்கு, விரட்டியபோது இரண்டு கிடைத்தது.

"இனிக் கற்பூரத்தத் தொட்டீங்கன்னா பாருங்க," என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் அழகம்மா.

மறுநாள் முதலாளி பணத்தை எண்ணி, தோட்டை அவள் கையில் வைத்தார்.

"கடைசியா நீ கடனுக்கு வாங்கின கற்பூரமும் இதுல சேர்ந்திருக்கு. இன்னொரு பாக்கெட் தரவா?"

நான் வாயைத் திறக்குமுன் அழகம்மா என்னை முறைத்தாள்.

"வேணாங்க முதலாளி," என்றேன். அவர் கடன் புத்தகத்தில் என் பெயரின் குறுக்கே கோடு போட்டார்.