சுருக்கெழுத்தரின் முகத்தில் பதினான்கு குரல்கள்

சுருக்கெழுத்தரின் முகத்தில் இருந்த பதினான்கு பருக்களும் பாடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, நீதிமன்றத்தில் ஒரு சுற்றுச்சுவர் வழக்கின் குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தபோது. முதலில் தாடையில் இருந்தது மெல்ல முனகியது. பிறகு நெற்றியில் இருந்தவை சேர்ந்துகொண்டன. வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். ஆனால் கால் தானாகத் தாளம் போடுகிற மெட்டு. சாட்சிக் கூண்டில் நின்ற கொத்தனார் சுவரின் நீளத்தைச் சொல்ல மறந்து தோளைக் குலுக்கினார். ஒன்பது ஆண்டுகளாக எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பு வக்கீல்களும் ஒரே தாளத்தில் மேஜையைத் தட்டினார்கள். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. பாட்டு நிற்காவிட்டால், மூன்று மாதம் கழித்து வரும் விடுமுறைக்குப் பிறகு, சுருக்கெழுத்தர் அடித்தளத்தில் பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கும் அறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். ஏழு வருடம் தட்டச்சு அறையில் காத்திருந்து அந்த நாற்காலியைப் பிடித்தவள் அவள்.

வீட்டில் அவளோடு இருந்த சித்திக்கு முகத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. பற்பசை தடவினாள், பருக்கள் இருமின. எலுமிச்சை தேய்த்தாள்; சுருதி ஏறியது. சர்க்கரையை வைத்துப் பரபரவென்று தேய்த்தபோது மூன்றாவது வீட்டுக்காரர் வந்து ரேடியோவைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றைக் கிள்ளிப் பார்த்ததுதான் பெரிய தப்பு. அன்றைக்கு அடங்கிய அது, மறுநாள் மூன்று குட்டிகளோடு எழுந்தது. நாலும் சேர்ந்து பாடின. அவள் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள்; துணிக்குள்ளிருந்து மூக்கடைத்த மாதிரி பாட்டு வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அருமை என்றார். அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழும்போதும் அவை குஷியாகத்தான் பாடின.

தோல் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை அவள் கன்னத்தில் வைத்து, அந்த மெட்டு முடியும்வரை தலையாட்டிக் கேட்டார். தான் சரியாக முகம் கழுவவில்லையோ என்று இவள் கேட்டாள்.

"அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எண்ணெய்ச் சுரப்பி கொஞ்சம் ஜாலியா வேலை பாக்குது, வாசல் அடைச்சுக்கிச்சு. தேய்ச்சா அதுக்குக் கோவம்தான் வரும்."

மென்மையான சோப்பால் காலை மாலை இரண்டே முறை கழுவல், எண்ணெய் இல்லாத ஈரப்பத க்ரீம், வெயிலுக்கு சன்ஸ்கிரீன், சாயங்காலம் பட்டாணி அளவு மருந்து, அதுவும் பருமேல் மட்டுமில்லை, முகம் முழுக்க. பன்னிரண்டு வாரம் ஆகும், நடுவில் இன்னும் மோசமாகும், அப்போது விட்டுவிட்டு ஓடக் கூடாது என்றார். சித்தி மிச்ச எலுமிச்சம்பழங்களை ஜூஸ் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே வாராவாரம் தலையணை உறை மாற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

நான்காவது வாரம் தோல் உரிந்தது, பருக்கள் இருபத்தாறு ஆயின. விவாகரத்துக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் நீதிமன்றத்தின் நடுவில் ஓர் ஆட்டம் ஆடி முடித்துவிட்டுத்தான் மனுவைத் தொடர்ந்தார்கள்; விவாகரத்தில் மட்டும் உறுதியாக இருந்தார்கள். நீதிபதி அவளைத் தன் அறைக்கு அழைத்தார். ராஜினாமா கடிதம் கைப்பையில் தயாராக இருந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"இன்னும் எட்டு வாரம் வேணும் சார். முகம் பாடினப்பகூட என் கை ஒரு வார்த்தைய விடல. பதிவ எடுத்துப் பாருங்க."

அவர் எடுத்துப் பார்த்தார். நூற்று நாற்பது பக்கம். ஒரு புள்ளி தவறவில்லை. அடித்தள அறைப் பேச்சு அதோடு நின்றது.

ஏழாவது வாரம் நெற்றி அடங்கியது, ஒன்பதில் கன்னங்கள். பன்னிரண்டாவது வாரம் நீதிமன்றத்தில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. அதன் பிறகு மாதத்தில் இரண்டு நாள் தாடையில் ஒன்று மட்டும் எழும். அது வரத்தான் செய்யும், மருந்தைத் தொடருங்கள் என்றார் டாக்டர். அவள் அதைக் கிள்ளவுமில்லை, மூடவுமில்லை. வக்கீல்கள் கேள்வியை நிறுத்தி மெட்டு முடியக் காத்திருப்பார்கள். நீதிபதி சிக்கலான வழக்குகளை அந்த இரண்டு நாளில் போடச் சொன்னார். நடப்பது எதையும் விடாமல் எழுதுவதுதான் அவள் வேலை என்பதால், கோப்பில் இப்படி இருக்கிறது: கேள்வி, அன்று நீங்கள் அங்கே இருந்தீர்களா? பதில், இல்லை. சுருக்கெழுத்தரின் தாடை பாடியது. பதில், இருந்தேன்.