நோட்டீசில் இல்லாத வரி

பூமிநாதன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தான். வாசலில் செருப்பை மாட்டியதும் குனிந்து இரண்டு காலையும் பார்த்துக்கொண்டான். ஒரு வருடமாக அப்படித்தான். பிறகு சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு ஊருணிக்குப் போனான்.

அன்று தண்ணீரோடு இன்னொரு வேலையும் இருந்தது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் அவன் நிற்கிறான். மகளிர் குழுப் பெண்கள் ஊருணிக் கரையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். திருவாடானைப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில், குழு யார் பக்கமோ அவருக்குத்தான் நாற்காலி.

ஊருணி குடிதண்ணீர். யாராக இருந்தாலும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் கரை ஏற வேண்டும். எதிர்த்து நிற்கும் தங்கப்பாண்டி சென்னையிலேயே இருந்துவிட்டவர். முந்தாநாள் மாலையும் துண்டுமாக ஷூவோடு ஏறிவிட்டார். பெண்கள் அவரைப் பேசவே விடவில்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்து, தண்ணீர் வரும் வாய்க்காலை வெட்ட வைத்துத்தான் அனுப்பினார்கள். அந்தப் படம் இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பூமிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். குழுத் தலைவி கருத்தம்மாள் கையில் அவனுடைய நோட்டீஸ் இருந்தது. அடித்தவன் அவன் கூட்டாளி காளிராஜ். போன வருடம் காய்ச்சலில் இறந்த பூமிநாதனின் மனைவி யுவராணிதான் குழுவுக்குச் செயலாளராக இருந்தவள். அதைப் பிடித்துக்கொண்டான் காளிராஜ். 'யுவராணியின் கடைசி வார்த்தை: நம் ஊருணியைக் காத்திடுவீர்!' கொட்டை எழுத்தில். பூமிநாதன் நேற்றே பார்த்தான். ஒரு வருடமாக அவன் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

"ஏந்தம்பி, காத்திடுவீர்னு பேசுற புள்ளையா அது?" என்று கேட்டாள் கருத்தம்மாள். "எங்களையெல்லாம் வாடி போடின்னு வெரட்டி வேல வாங்குன கழுத. மெய்தானா இது?"

"ஆமான்னு சொல்லு மாப்ள" என்று முணுமுணுத்தான் பின்னாலேயே கரையேறி வந்திருந்த காளிராஜ்.

ஆமாம் என்றால் நாற்காலி. இல்லை என்றால், செத்தவள் பேரில் பொய் சொல்லி ஓட்டுக் கேட்டவன்.

"இல்ல சின்னம்மா. பொய்யி."

காளிராஜ் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆமான்னு மட்டும் சொல்லியிருந்த, ஒனக்கும் மண்வெட்டிதான்" என்றாள் கருத்தம்மாள். அவள் முகம் இளகியிருந்தது. "சரி, அவ என்னதான் சொன்னா? அதச் சொல்லு. ஓட்டு ஒனக்குத்தான்."

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தான்; சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவன் சிரிப்பதைப் பார்த்துக் குழுப் பெண்களில் ஒருத்தியான கவிப்ரியா சிரித்தாள். என்ன ஏதென்று தெரியாமலே கரை முழுக்கச் சிரித்தது. காளிராஜும் சிரித்தான்.

ஒருவழியாகச் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் வீட்டிலிருந்து அடித்துப்பிடித்து ஓடினான். கட்டிலருகே போய் நின்றதும் அவள் கண்ணைத் திறந்தாள். தலையிலிருந்து கால்வரை அவனைப் பார்த்தாள். பார்வை காலிலேயே நின்றுவிட்டது.

"ஏங்க, எடது காலுல கெடக்குறது என் செருப்பு."