கைக்குட்டை ஆராய்ச்சி

வேட்டியை விரித்துத் தேய்ப்புப் பெட்டியை வைக்கும் முன் செல்வமணி குனிந்து ஊதினாள். சாம்பல் துணுக்குகள் பறந்து போயின. கையால் தட்டக் கூடாது. தட்டினால் வெள்ளைத் துணியில் கறுப்புக் கோடு விழுந்துவிடும். மடித்து அடுக்குவதற்குள் மறுபடியும் இரண்டு வந்து உட்கார்ந்தன. பொன்முடி மலைப் பக்கத்துப் புல்மேடுகளில் தீப் பிடித்ததிலிருந்து, கிழக்கேகோட்டைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் வெயிலே அழுக்காகத்தான் விழுந்தது. எதிர்வீட்டு ஓடு கண்ணுக்குத் தெரிந்தால் அது நல்ல நாள்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷத்து மாசி மாதம். தெருவில் எல்லோரும் இருமினார்கள். செல்வமணியும்தான் இருமினாள், ஆனால் அது யார் காதிலும் விழவில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் நாகேஸ்வரன் ஓய்வுபெற்ற என்ஜினீயர். அவர் பொறுப்பில் கட்டிய பாலம் ஒன்று வித்துராப் பக்கம் பாதி ஆற்றோடு நிற்கிறது. கல்வெட்டு மட்டும் முழுசாக இருக்கிறது. பேப்பரில் மலைத்தீ என்று போட்டிருந்ததை அவர் நம்பவில்லை. பேப்பர்காரன் என்ன என்ஜினீயரா? சங்கச் செலவில் புதுக் கைக்குட்டைகள் வாங்கி வந்து, வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். கடைசியாக ஒன்றைச் செல்வமணியின் தேய்ப்பு வண்டிக்கு மேலே பாதாம் மரக் கிளையில் கட்டினார்.

"எதுக்கு சாமி கட்டுதிய?"

"காத்தைப் பரிசோதனை பண்றோமாக்கும். ஒரு வாரம் தொங்கும். எது ரொம்பக் கறுக்கறதோ அங்கேதான் புகையோட மூலம். மூலத்தைக் கண்டுபிடிச்சா எடுத்துடலாம்."

"எதை எடுப்பிய?"

"அதை சயன்ஸ் சொல்லும். நீ இதைத் தொடப்படாது, கேட்டியா? தொட்டா ரிசல்ட் கெட்டுப்போயிடும்."

பேசும்போது அவர் பார்வை வண்டிக்கடியில் இருந்த, பெட்டிக்குப் போடும் சிரட்டைக்கரி மூட்டை மேல் இருந்தது. செல்வமணி மூட்டையைக் காலால் உள்ளே தள்ளினாள். வள்ளியூரிலிருந்து வந்து, தெருத்தெருவாகத் துரத்தப்பட்டு, கடைசியில் நிலைத்த இடம் இந்த மரத்தடி. இந்தத் தெருத் துணிதான் வீட்டில் சோறு.

அந்தச் சனிக்கிழமை அவள் கணவன் லிங்கராஜ் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து வந்துவிட்டான். அங்கே ஒரு லாட்ஜுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. கண் இரண்டும் சிவந்திருந்தன. துப்பினால் கறுப்பாக வந்தது.

"மலை முழுசும் எரியுதுட்டி. புகையில டூரிஸ்ட் ஒருத்தனும் வரல. வேலையை நிப்பாட்டி வீட்டுக்குப் போங்கன்னுட்டான்." செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தான். "நீ அந்த எடத்தை மட்டும் விட்டுராத. இப்ப நமக்கு அது ஒண்ணுதான்."

மறுநாள் கமிட்டி வந்து கைக்குட்டைகளைப் பார்வையிடும் என்று சங்கச் செயலாளர் சுப்பு வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும், நாகேஸ்வரன் வீட்டில் வேலை செய்யும் சுஜா முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஈரக் கைக்குட்டை.

"அக்கா, இதை வேகம் தேச்சுத் தரணும். மாமிதான் சொல்லிவிட்டா."

"ஏட்டி, இது சாமி கேட்டுல தொங்கவிட்டதுல்லா?"

"கரி பிடிச்சுக் கிடந்தது. நாளைக்கு நாலு பேர் வரும்போ கேட்டில அழுக்குத் துணி தொங்கினா நாணக்கேடாம். தலைவர் வீடில்லையா! நான் சோப்புப் போட்டு அலசிட்டேன்."

செல்வமணி சிரித்துக்கொண்டே தேய்த்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில் அடுத்த வீட்டுக் கைக்குட்டை வந்தது. பிறகு அதற்கடுத்த வீடு. சிலர் நீலம் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் கஞ்சியும் போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் "வேற யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். இருட்டுவதற்குள் தெரு முழுவதும் மறுபடி வெள்ளை வெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தில் கட்டிய கைக்குட்டை மட்டும் சாம்பல் படிந்து அடுப்படித் துணி மாதிரி இருந்தது. அதையும் அலசிப் போடலாமா என்று செல்வமணி அண்ணாந்து பார்த்தாள். தொடாதே என்றிருக்கிறாரே. தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். நாகேஸ்வரன் ஒவ்வொரு கைக்குட்டையாக எடுத்து, கல்யாணத்தில் புடவை காட்டுவது போல விரித்துக் காட்டினார். ஒரு வாரம் காற்றில் ஆடிய துணியில் கத்தி போல மடிப்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"பாருங்கோ! நம்ம தெருக் காத்து எத்தனை சுத்தம்! இனி இதையும் பாருங்கோ." மரத்துக் குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "மலையாம், தீயாம்! மூலம் நம்ம மூக்குக்குக் கீழேயே இருக்கு."

செல்வமணி பெட்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"சாமி, அதெல்லாம் நேத்து சாயங்காலம் நான் தேச்சுக் குடுத்ததுல்லா? அலசித்தான கொண்டாந்தாவ?"

நாகேஸ்வரனின் மனைவி விஜயலக்ஷ்மிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன ஒளர்றா இவ? எங்காத்துக் குட்டையை யாரும் தொடவே இல்லை. சுஜா, நீ தொட்டியோடீ?"

"இல்ல மாமி," என்றாள் சுஜா, தரையைப் பார்த்துக்கொண்டு. மற்ற மாமிகளும் இல்லை என்றார்கள்.

நாகேஸ்வரன் தன் வீட்டுக் குட்டையை மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனை. மனைவியைப் பார்த்தார். குட்டையை மடித்து ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"செல்வமணி, விஷயத்தைத் திசை திருப்பப்படாது."

"எங்க வீட்டுக்காரர் கல்லாத்துல கண்ணால பாத்துட்டு வந்துருக்காரு சாமி. எல்லாம் அங்கேருந்து வார புகை."

"கல்லாறு எங்கே கிடக்கு, கோட்டை எங்கே கிடக்கு? புகை என்ன, பஸ் பிடிச்சு வருமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சுப்புவுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். வண்டியை அப்புறப்படுத்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"நாளைக்குக் காலம்பற பத்திரிகையிலேர்ந்து போட்டோ எடுக்க வரா," என்றார் நாகேஸ்வரன். "அதுக்குள்ளே இடம் காலியாகணும்."

"புள்ளகுட்டியோட எங்க போவேன் சாமி? அவருக்கும் வேலை போயிருச்சு."

"அதுக்கு சங்கம் என்ன பண்ணும்? எங்களுக்கு உன்மேல ஒண்ணும் விரோதமில்லை. இது சயன்ஸ்."

அன்று மாலை அந்த வண்டிக்கு என்றும் வராத அளவு துணி வந்தது. போட்டோவுக்கு வேண்டிய ஜரிகை வேட்டிகள், ஜிப்பாக்கள், பட்டுப் புடவைகள். "என்னோடதை முதல்ல தேச்சுடு, போறதுக்கு முந்தி" என்று சுப்பு இரண்டு தடவை வந்து சொன்னார். கரி தீரும் வரை செல்வமணி தேய்த்தாள்.

காலையில் போட்டோக்காரர் வந்தபோது புகையில் தெருவின் அந்தக் கோடி இல்லாமல் போயிருந்தது. 'புகையில்லாத் தெரு' என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் இரண்டு வரிசையாக நின்றார்கள். போட்டோக்காரர் காமிராவை இறக்கினார்.

"சாரே, பின்னால நிக்கறவங்களோட முகம் கிட்டுன்னில்ல. கொஞ்சம் முன்னே வரணும்."

முன்னால் வந்தார்கள். பிளாஷ் போட்டுப் பார்த்தார். பின்வரிசை அப்போதும் கிடைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம். பின்னே, அந்த வண்டி ஓரத்துல வருதே, அது வேண்டாம்."

நாகேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். லிங்கராஜ் இழுக்க, செல்வமணி பின்னாலிருந்து தள்ள, வண்டி அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது. அவர் கையைத் தூக்கித் தள்ளு என்று சைகை காட்டினார். தள்ளினார்கள். இன்னும் என்று கை ஆடியது. இன்னும் தள்ளினார்கள். முதலில் லிங்கராஜ் மறைந்தான், பிறகு வண்டி, கடைசியில் அவள் முதுகு. சக்கரச் சத்தம் மட்டும் புகைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. நாகேஸ்வரன் கையை இறக்கி, ஜிப்பாவின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, காமிராவைப் பார்த்துச் சிரித்தார்.