யாரும் போன் பண்ணாத மொழி

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்து பதினோரு நாள் ஆகிறது. முதலில் இது கட்டுரை. கணினிக்கு நிரல் எழுதும் பழைய வணிக மொழிகளில் சிலவற்றை ஏன் புதுப்பிக்கிறார்கள், சிலவற்றை ஏன் அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்று. பாதியில் ஒரு பெண் வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போ என்றேன். போகவில்லை.

முதல் தொடக்கம்: "மொழிகள் சாவதில்லை, அவை" (விட்டுவிட்டேன். அழகாக இருந்தது, பொய்யாகவும்.)

2

அவள் வேலை பார்ப்பது கல்லுடைக்கும் ஆலைகள் நடத்தும் நிறுவனத்தில். நிரல் எழுதுகிறவள். அங்கே ஒரே வயதுள்ள இரண்டு பழைய நிரல்கள் ஓடின. ஒன்று விற்பனையைப் பார்த்தது. மற்றது, கல்தூசியால் நுரையீரல் கெட்டு வேலையை விட்டவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பியது.

விற்பனை நிரலின் மொழியை வங்கிகளும் நம்பியிருந்தன. அதனால் அதற்குப் புதுக் கருவிகள் வந்துகொண்டே இருந்தன. சிலிண்டர் நிரலின் மொழியை உருவாக்கியவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். அது ஓடும் ஒரே கணினி அடிக்கடி நின்றுபோகும். அன்றைக்குச் சிலிண்டர் போகாது.

(அவளைத் தைரியசாலியாக எழுதிப் பார்த்தேன். யாரையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.)

3

மேலாளருக்கு ஆபீசில் 'தராசு' என்று பெயர். எதையும் எடைபோட்டுத்தான் பேசுவார்.

"சிலிண்டர் நிரலையும் மாத்திடலாமே சார்."

"மியூட்டே பேசுது பாரேன்!" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். அதிகம் பேசாத அவளுக்கு ஆபீசில் வைத்த பெயர் அது.

"எதுக்கும்மா?" என்றார் தராசு. "விற்பனை ஒரு மணி நேரம் நின்னா பத்து டீலர் என் கழுத்தைப் பிடிப்பான். இது நின்னா யாரு போன் பண்றா?"

"அழுத பிள்ளைக்குத்தானே பால்," என்று சிரித்தான் அவன்.

தராசு திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். சிலிண்டர் வாங்குகிறவர்களின் எண்ணிக்கை. வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது.

"மாத்தி எழுத மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள இந்தக் கோடு எங்க போகுதுன்னு பாரு. தானா முடியற வேலைக்கு நாம ஏன் மெனக்கெடணும்?"

யாரும் அதிரவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. என் கட்டுரைக்கான விடையும் அதுதான். அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம்.

4

முடிவு ஒன்று: அவள் தனியாகவே எழுதி முடிக்கிறாள். (மூன்று வருடம். கோடு அதுவரை காத்திருக்காது.)

முடிவு இரண்டு: தராசு மனம் மாறுகிறார். (நானும் எத்தனையோ வாக்கியம் போட்டுப் பார்த்தேன். மாறவில்லை.)

முடிவு மூன்று: அவள் வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து,

(பதினோரு நாளும் இங்கேதான் நின்றேன். உள்ளே யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லவில்லை. அவளும் ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை.)

நடக்கப்போவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: தராசு திரையை அணைக்க எழுந்தார்.

"யாரு போன் பண்றான்னு கேட்டீங்களே சார்," என்றாள்.

"ஆமா?"

"போன வாரம் எங்கப்பா பண்ணினாரு. ஹலோவுக்கு மேல மூச்சு வரல. இங்க போனை வச்சுட்டாங்க."